நடுக் கதிரையில் அக்கா

போன கிழமை மகள் கைபேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். எங்கோ ஒரு பெரிய நாட்டின் படைக்காரர்கள், வானத்தில் தாங்கள் கண்ட, என்னவென்று தெரியாத பொருட்களின் படங்களை ஊருக்குக் காட்டியிருக்கிறார்களாம். சாம்பல் நிறத்தில் ஒரு கடல், அதன் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு. சட்டை நிறைய மெடல் குத்திய ஒரு மனிதர் ஒலிவாங்கிக்கு முன் நின்று, இது என்னவென்று எங்களுக்குத் தெரியாது என்கிறார். உலகமே வாயைப் பிளந்து பார்க்கிறது என்றாள் மகள்.

"இதுக்கா இவ்வளவு ஆரவாரம்? எங்கட மாதா கோயில் மண்டபத்தில இது எப்பவோ நடந்து முடிஞ்ச விசயம்" என்றேன்.

வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். பிறகு, "அந்த நாட்டிலயும் ஒரு அக்கா இருந்திருப்பா" என்றுவிட்டு ஈயத்துக்குத் திரும்பினார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். சொன்னால் சிலாபத்திலிருக்கும் அவருடைய சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள் என்பது ஒரு காரணம். எங்கள் கரையில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது மற்றக் காரணம். கற்பிட்டிப் பக்கம், தலவிலைக்குப் போகிற வழியில் உள்ள மீன்பிடிக் கிராமம் எங்களுடையது. அங்கே அக்கா என்றால் அவர் ஒருவர்தான். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்கா தையல்காரி. தாய் சிலாபம், சிங்களம். தகப்பன் எங்கள் கரை, தமிழ். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். பூசைக்கு வரும்போது மட்டும் கழற்றி வைப்பார், அதுவும் பாதி நாள் மறந்துவிடுவார். நற்கருணை வாங்க நாடாவோடு வரிசையில் நிற்கும் பெண்ணை வேறு எந்த ஊரில் கண்டிருக்கிறீர்களோ தெரியாது.

இரண்டு மொழி தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் அருமை இல்லை. சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஏதோ கதைப்பார்கள். ஆனால் ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்லச் சொன்னால், காரத்தைக் குறைத்து, நாலு வசனத்தை ஒன்றாக்கி, சண்டை வராத மாதிரித்தான் சொல்வார்கள். அக்காவிடம் அந்த வேலை கிடையாது. இந்த மொழியில் காதில் விழுந்தது அந்த மொழியில் வாயால் வரும். முழுசாக வரும். பக்கத்தில் இருப்பவனிடம் முணுமுணுத்ததும் வரும். சொல்லும்போது ஒருவர் முகத்தையும் பார்க்க மாட்டார். கூரையைப் பார்த்துக்கொண்டு, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லி, "எண்டு சொல்றார்" என்று முடிப்பார். கெட்ட வார்த்தை வரப்போகிறது என்றால் மட்டும் முன்கூட்டி ஒரு தடவை தொண்டையைச் செருமுவார். அதுதான் அவர் காட்டிய ஒரே தயவு.

தலவிலைக் கோயில் திருநாள் காலத்தில் ஒரு முஸ்லிம் நாநா கருவாட்டுக் கடை போடுவார். யாத்திரை வந்த ஒரு சிங்கள அம்மா, கருவாட்டை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தன் புருசனிடம் ஏதோ சொன்னார். மெழுகுதிரி வாங்கப் போய்க்கொண்டிருந்த அக்காவை நாநா மறித்தார். "அக்கா, இந்தம்மா என்ன சொல்றா?"

அக்கா நின்றார். தலைக்கு மேல் கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தார். "'நாத்தம் அடிக்குது. பரவாயில்ல, மாமிக்கு மூக்கடைப்புத்தானே, அவவுக்கு வாங்குவம்' எண்டு சொல்றா."

நாநா தாடியைத் தடவிக்கொண்டு பக்கத்துக் கடைக்காரரிடம் மெல்ல, "அல்லாஹ்வே, கண்டுபிடிச்சிட்டாளே, இது போன பெருநாளைக்கு வந்த சாமான்" என்றார். வானத்தில் இருந்து கண்ணை எடுக்காமல் அக்கா அதையும் சிங்களத்தில் சொல்லிவிட்டார். நாநாவுக்கும் அந்த அம்மாவுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். நாநாவும் சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு நல்ல கருவாட்டை எடுத்துக் கொடுத்தார். மூக்கடைத்த மாமிக்கும் அந்த வருடம் நல்ல கருவாடு கிடைத்தது.

என் மாமனாருக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தபோது அக்காவைத்தான் டொக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயது டொக்டர், தமிழ் தெரியாது. வாயுதான், பயப்பட வேண்டாம் என்றார். மாமனார் என் பக்கம் திரும்பி, "தன்ர பயத்துக்கு எனக்கு மருந்து தாறான் இந்தப் பொடியன்" என்றார். அடுத்த நிமிடம் அது சிங்களத்தில் போய்ச் சேர்ந்தது. டொக்டரின் காது சிவந்தது. பேனையை மூடி வைத்தார். தாதியிடம் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். அதுவும் எங்களுக்கு வந்தது. "'எனக்கும் நிச்சயமாத் தெரியாது, புத்தளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நல்லம்' எண்டு சொல்றார்." அனுப்பினார்கள். வாயு இல்லை. மாமனார் பிறகு எட்டு வருடம் இருந்தார். எட்டு வருடமும் எங்கள் வள்ளத்தில் வந்த நல்ல மீனில் ஒன்று அக்கா வீட்டுக்குப் போனது.

கல்யாணப் பேச்சுக்கு மட்டும் அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஒரு தடவை கூப்பிட்டார்கள், போதும் போதும் என்று ஆகிவிட்டது.

இனி முகாம் கதைக்கு வருகிறேன். நாட்டில் சண்டை முடிந்து மூன்று நாலு வருடம் ஆகியும் எங்கள் கரையில் படைமுகாம் ஒன்று இருந்தது. தொழிலுக்குப் போகிற வள்ளக்காரர் போகும்போது கடற்கரைக் காவலரணில் பெயரை எழுதி பாஸைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸைத் திருப்பித் தருகிற படைவீரன் தனக்குத் தெரிந்த தமிழில் ஒரு கேள்வி கேட்பான். "கடல்ல என்ன கண்டது?" எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். "ஒண்டுமில்ல, சேர்." சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. சண்டைக் காலத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவர்கள் அன்று வீட்டுக்கு வரவில்லை. அதனால் நாக்கு அந்த இரண்டு வார்த்தைக்குப் பழகிவிட்டது. சண்டை முடிந்தது, கேள்வியும் முடியவில்லை, பதிலும் மாறவில்லை.

என் கணவருக்கு ஒரு குணம். ஒன்றைக் கேட்டால் உண்மையிலேயே கேட்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். பங்குக்குப் புதிதாக வந்த சுவாமி மரியாதைக்கு, எப்படிச் சுகம் என்று கேட்டதற்கு, வலது முழங்காலைப் பற்றி அரை மணித்தியாலம் விளக்கிய மனிதர். சோழகக் காற்று ஓய்ந்து கடல் திறந்த முதல் மாதம், ஒரு பின்னேரம், காவலரணில் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இவர் யோசித்துப் பதில் சொன்னார்.

"நாலு, நாலரை இருக்கும். நல்ல வெளிச்சம், காத்து இல்ல. கடலுக்கு மேல ரெண்டு பனை உயரத்தில வெள்ளையா ஒண்டு நிண்டது. முட்டை மாதிரி. செட்டை இல்ல, சத்தம் இல்ல, புகை இல்ல. அதுக்குக் கீழ கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி அடங்கிக் கிடந்தது. ஒரு பீடி பத்தி முடிக்கிற நேரம் நிண்டிட்டு மேல போச்சு. பறக்கல்ல சேர். போச்சு."

படைவீரன் எழுதிக்கொண்டான். எந்த இடத்தில் என்று கேட்டான். இவர் இடத்தையும் சொன்னார். அந்த இடம் சின்ன வள்ளங்கள் போகக்கூடிய எல்லையை ஒட்டியிருந்தது. ஒட்டி உள்ளேயா, ஒட்டி வெளியேயா என்று விசாரிக்க வேண்டும் என்று பாஸை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனார். நாளைக்கு வா என்றார்கள்.

அன்று பக்கத்தில் இன்னொரு வள்ளமும் நின்றது. என் கணவரின் மச்சானுடையது. மச்சான் கரைக்கு வந்து, "ஒண்டுமில்ல, சேர்" என்று சொல்லி பாஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊர் சிரித்தது. கேட்டால் ஒண்டுமில்ல எண்டு சொல்லத் தெரியாத ஒரு மனுசனா என்று சிரித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் இவரைக் கண்டால் கையால் முட்டை காட்டினார்கள். கடல் திறந்த பருவம், ஊர் வள்ளங்கள் எல்லாம் மீனோடு வருகின்றன, எங்கள் வள்ளம் மட்டும் மணலில் குப்புறக் கிடக்கிறது. பாஸ் இல்லாதவரைப் பக்கத்து வள்ளத்திலும் ஏற்ற முடியாது. இரண்டு கிழமை போய் மூன்றாவது கிழமையும் பிறந்தது.

நான் இவரை நம்பவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. முதல் நாளே கிட்டப் போய் வாயை மணந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெயில் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். "போய், நான் சரியாப் பார்க்கல்ல, பிழையாச் சொல்லிட்டன் எண்டு சொல்லி பாஸை வாங்குங்க" என்று கெஞ்சினேன், கத்தினேன். "கண்டதைக் காணல்ல எண்டு என்னால சொல்ல ஏலாது" என்றார். அதோடு சரி. குப்புறக் கிடந்த வள்ளத்தின் நிழலில் போய் இருந்துகொள்வார்.

முகாம்காரர் மாதத்தில் ஒரு நாள் காலையில் மாதா கோயில் மண்டபத்தில் ஊரோடு கூட்டம் வைப்பார்கள். ஒரு பக்கம் மேசை, மறு பக்கம் ஊர் ஆட்கள் இருக்க நீள வாங்குகள், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. அந்தக் கதிரை அக்காவுடையது. மொழி மாற்றிச் சொல்லச் சுவாமிதான் அவரை ஒழுங்கு செய்திருந்தார். முதல் கூட்டத்திலேயே அக்கா இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மொழியிலும் அறிவித்துவிட்டார். "நான் இந்தக் கதிரையில இருந்தா காதில விழுறதெல்லாம் வாயால வரும். வேண்டாம் எண்டா வெளிய போய்க் கதைச்சிட்டு வாங்க." முகாமின் பெரிய சேர் அதை ஒரு பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பருத்த உடம்பு, தொப்பியைக் கழற்றினால் முன் தலையில் முடி இல்லை. அவருக்குப் பக்கத்தில் கோப்புகளோடு சின்ன சேர்.

அந்த மாதக் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. முட்டை விசாரணை என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய சேர் இவரை எழுப்பிக் கேட்டார். இவர் முதல் நாள் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். அக்கா ஒரு சொல் மாற்றாமல் சிங்களத்தில் சொன்னார்.

"அது வெளிநாட்டுக்காரர் கடல்ல விடுற பட்டம் எண்டு சொல்றார்" என்று பதில் வந்தது. கற்பிட்டியில் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்குவது உண்மைதான்.

இவர் யோசித்தார். "பட்டத்துக்குக் காத்து வேணும். அண்டைக்குக் காத்து இல்ல. பட்டத்துக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரனும் இருக்கோணும். அவனையும் காணல்ல."

வாங்குகளில் சிரிப்பு. பெரிய சேர் மேசையில் விரலால் தட்டினார். இவருடைய வீட்டுக்காரி வந்திருக்கிறாவா, அவ என்ன சொல்கிறா என்று கேட்டார். நான் எழும்பினேன். "எனக்கு ஒண்டும் தெரியாது சேர்" என்று சொல்லிவிட்டு இருந்தேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூன்று கிழமையாக உள்ளே கிடந்த ஆத்திரம் விடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் காதுக்குள், "வீட்டில கண்ணுக்கு முன்னால இருக்கிற உப்புப் போத்தல் இந்த மனுசனுக்குத் தெரியாது, நடுக்கடல்ல முட்டை தெரிஞ்சிதாம்" என்றேன்.

அக்காவின் கதிரை மூன்றடி தள்ளி இருந்தது. அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் சொன்னது சிங்களத்தில் மண்டபம் முழுக்கக் கேட்டது. உப்புப் போத்தலும் போனது, முட்டையும் போனது.

மேசைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். இந்தப் பக்கமும் சிரித்தார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஊர் சிரித்தபோது, பிள்ளைகள் கையால் முட்டை காட்டியபோது ஒன்றும் ஆகாத மனிதரின் முகம் அப்போதுதான் விழுந்தது. எனக்கு அந்த வாங்கோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பெரிய சேரும் அந்த முகத்தைக் கண்டிருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சின்ன சேரின் பக்கம் சாய்ந்து, வேகமாக, மெல்லிய குரலில் நாலைந்து வசனம் சொன்னார். சிங்களம் விளங்குகிறவர்கள் மண்டபத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் முகாம்காரர் தங்களுக்குள் கதைத்தால் விளங்காத மாதிரி இருக்கப் பழகியவர்கள் அவர்கள். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"'பாவம் இந்த மனுசன். அதே நேரம் எங்கட ராடர் மெசினும் அதைக் கண்டது. நாங்களும் மேல எழுதிக் கேட்டம், பதில் வரல்ல. என்ன எண்டு எங்களுக்கே தெரியாது, அதை இவங்களிட்ட எப்பிடிச் சொல்றது, பட்டம் எண்டே முடிப்பம்' எண்டு சொல்றார்."

மண்டபம் முழுக்க மேசைப் பக்கம் திரும்பியது. பெரிய சேர் தமிழில் என்ன போகிறது என்று விளங்காமல் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு விளங்கியது. அக்காவிடம் திரும்பி அவசரமாக ஏதோ சொன்னார்.

"'அதைச் சொல்ல வேண்டாம்' எண்டு சொல்றார்."

முதலில் சிரித்தது சுவாமி. பிறகு மண்டபமே சிரித்தது. சின்ன சேர் கோப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், கோப்பு குலுங்கியது. பெரிய சேர் என்ன செய்வாரோ என்று நான் பயந்துபோனேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். வழுக்கையைத் தடவினார். எழும்பி நின்று, இந்த முறை எங்களைப் பார்த்து, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"'நாங்களும் கண்டம். நாலு நிமிசம் நிண்டது. அது எங்கட சாமான் இல்ல. என்ன எண்டு தெரியாது. தெரியாது எண்டு சொல்ல எனக்கு ஒருத்தரும் பழக்கல்ல, அதுதான் பட்டம் எண்டன்' எண்டு சொல்றார்."

பின் வாங்கில் இருந்து மச்சான் எழும்பினார். "நானும் கண்டன், சேர்" என்றார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலை லாச்சி திறந்தது, பாஸ் வந்தது. அந்த மாதமே காவலரணில் ஒரு பலகையும் வந்தது. தமிழ் வசனத்தை அக்காதான் எழுதிக்கொடுத்தார். 'கடலிலோ வானத்திலோ தெரியாத ஒன்றைக் கண்டால் சொல்லுங்கள். உங்கள் பாஸ் எடுக்கப்படாது. நாங்கள் கண்டால் நாங்களும் சொல்வோம்.' சொன்ன மாதிரியே ஒவ்வொரு கூட்டமும் பெரிய சேர் ஒரு கொப்பியை விரித்து, இந்த மாதம் எங்களுக்கு விளங்காதவை என்று வாசிப்பதில்தான் தொடங்கியது. ஒரு மாதம் ஒரு வெளிச்சம், ஒரு மாதம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களும் விடவில்லை. காற்றாலையின் சிவப்பு விளக்கு, கிழிந்த பட்டம், செத்த திருக்கை என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். பெரிய சேர் அத்தனையையும் எழுதி, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். படைக்காரர் ஒருவர் முன்னால் பயமில்லாமல் நின்று கதைக்கலாம் என்று எங்கள் கரை கண்டது அந்த ஒரு வருடம்தான்.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. புதிய சேர் தமிழ் படித்த ஒரு படைவீரனைக் கூட்டி வந்தார். இனிமையான பொடியன், எல்லாவற்றையும் அழகாகச் சுருக்கிச் சொல்வான். நடுக் கதிரை போனது. பலகைக்கு மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கரையில் குப்பை போட வேண்டாம் என்று எழுதினார்கள். அக்கா அதை வாசித்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லை என்று மட்டும் சொன்னார்.

அக்கா போய் ஆறு வருடம். அடக்கத்துக்குச் சிலாபத்து ஆட்களும் எங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். சுவாமி இரண்டு மொழியிலும் பிரசங்கம் வைத்தார். சிங்களத்தில் சொன்னதில் பாதியைத் தமிழில் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்து ஒரு செருமல் வரும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

முட்டை விசாரணைக்கு அடுத்த நாள், பாஸ் வந்த அன்று பின்னேரம் நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அதைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். தையல் மெசினில் இருந்தார், வாயில் நாலு குண்டூசி.

"அக்கா, நான் பக்கத்தில இருந்தவளிட்டதானே மெதுவாச் சொன்னன். எனக்காக அதை விட்டிருக்கலாமே."

குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். "உனக்காக ஒண்டை விட்டா பெரிய சேருக்காகவும் ஒண்டை விடோணும். விட்டிருந்தா உன்ர மனுசன்ர பாஸ் இன்னும் லாச்சிக்குள்ளதான் கிடக்கும்."

துணியை நீவிக்கொண்டே மேலும் சொன்னார். "சண்டைக் காலத்தில எங்கட தம்பியைப் பிடிச்சு விசாரிச்சாங்க. அவன் எட்டு வசனம் சொன்னவன். சிங்களத்தில திருப்பிச் சொன்ன ஆள் நல்ல ஆள், எங்களுக்குத் தெரிஞ்ச ஆள். தம்பிக்கு உதவி செய்யிறன் எண்டு நினைச்சு மூண்டு வசனம்தான் சொன்னார். விட்ட அஞ்சிலதான் தம்பி ஏன் அங்க போனவன் எண்டு இருந்தது. மூண்டு வருசம் உள்ள இருந்திட்டு வந்தான்." பிறகு குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவர் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் என் கணவர் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார். பாஸ் வந்துவிட்டது, கடலுக்குப் போகிறார், மீன் வருகிறது, எல்லாம் சரி. என்னோடு ஒரு சொல் இல்லை. கோபமாகக் கத்தினால் நானும் கத்தியிருப்பேன். இவர் சும்மா இருந்தார். ஐந்து நாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அந்த முகம் ஞாபகம் வந்ததும் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன்.

ஐந்தாம் நாள் காலை, மகள் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை உடுப்புக்கு அளவெடுக்க அக்கா வந்தார். மகள் முக்காலியில் ஏறிக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படியில். இவர் வாசலில் கடலைப் பார்த்தபடி. அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்.

"அக்கா, கஞ்சி ஆறுது எண்டு அவரிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா நாடாவை மகளின் தோளில் வைத்தபடி கூரையைப் பார்த்தார். "'கஞ்சி ஆறுது' எண்டு சொல்றா."

"பசியில்ல எண்டு சொல்லுங்க."

"'பசியில்ல' எண்டு சொல்றார்."

மகள் களுக்கென்று சிரித்தாள். அசையாதே என்று அக்கா அவளை அதட்டினார். "வெறும் வயித்தோட கடலுக்குப் போகக் கூடாது எண்டு சொல்லுங்க" என்றேன். அது போனது. "நேத்துக் கஞ்சிக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுங்க" என்று வந்தது. ஒரே வீடு, ஒரே தமிழ், ஐந்து அடி தூரம். அக்கா ஒரு சொல் கூட்டவும் இல்லை, ஒரு சொல் குறைக்கவும் இல்லை.

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். பானைக்குள்ளே சொல்கிற மாதிரி, எனக்கே எனக்காக முணுமுணுத்தேன். கண்ணீர் வந்துவிட்டதும் அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "'இந்த மனுசன் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் நம்பல்ல, ஊருக்கு முன்னால அப்பிடிச் சொன்னன். எந்த முகத்தோட மன்னிப்புக் கேக்கிறது' எண்டு சொல்றா."

மகள்கூட அசையவில்லை. இவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தத்தில், அவர் மெதுவாக ஏதோ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டது. உடனே சொல்லவில்லை. முதலில் ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"'விசரி. அந்த உப்புப் போத்தல் எங்க இருக்கு எண்டு ஒருக்காக் காட்டச் சொல்லுங்க. இனிப் பார்த்து வைப்பம்' எண்டு சொல்றார்."

நான் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.